நான்கு அலுவலகங்களுக்கு ரூட்டர் வாங்க வேண்டும்: உரிமக் கட்டணம், ஆதரவு ஒப்பந்தம் பற்றி ஆலோசனை தேவை

துறைமுகத்தான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாரிமுனையில் தலைமை அலுவலகமும் ராயபுரம், மணலி, எண்ணூர் ஆகிய இடங்களில் கிளைகளும் உள்ள ஒரு கிளியரிங் அண்ட் ஃபார்வர்டிங் (சரக்குக்குச் சுங்க அனுமதி பெற்று அனுப்பிவைக்கும்) நிறுவனத்தில் கணினி, வலையமைப்பு வேலைகளைக் கவனித்து வருகிறேன். எங்களிடம் இப்போது இருக்கும் ரூட்டர்களுக்கு இனிமேல் புதிய ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) வராது என்று தயாரிப்பாளரே அறிவித்துவிட்டதால், இந்த நிதியாண்டு முடிவதற்குள் நான்கையும் மாற்றியாக வேண்டும்.

எங்கள் தேவை மிகப் பெரிதன்று. ஒவ்வொரு கிளைக்கும் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் ஃபைபர் வருகிறது. ஒன்று அறுந்தால் மற்றொன்றுக்கு ரூட்டர் தானாக மாற வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் எந்த இடத்தை எப்போது தோண்டுவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால், இந்த வசதி இல்லாமல் எங்களால் தொழில் நடத்த இயலாது. கிளைகளிலிருந்து தலைமை அலுவலகத்தின் கோப்புச் சர்வருக்கும் கணக்கு மென்பொருளுக்கும் விபிஎன் (இணையத்தின் வழியே செல்லும் பாதுகாப்பான தனிப்பாதை) இணைப்பு வேண்டும். அது 200 எம்பிபிஎஸ் வேகத்தைத் தாங்க வேண்டும். பில் ஆஃப் என்ட்ரியை (இறக்குமதிச் சுங்கப் படிவம்) சுங்கத்துறையின் ஐஸ்கேட் இணையதளத்தில் ஏற்றுவது அரை நாள் தள்ளிப்போனால்கூட, கன்டெய்னர் யார்டில் கூடுதலாக நின்ற நாளுக்கான டெமரேஜை யார் கட்டுவது என்ற பேச்சு வந்துவிடும்.

மூன்று டீலர்களிடம் விலைப்புள்ளி கேட்டேன். முதலாமவர் தந்தது, கிளவுட் வழியாக நிர்வகிக்கும் ரூட்டர்; பெட்டியின் விலை குறைவுதான், ஆனால் மூன்றாண்டுச் சந்தாவைச் சேர்த்தே வாங்க வேண்டும். இரண்டாமவர் தந்த ரூட்டருக்கு அடிப்படை உரிமம் நிரந்தரம் என்றாலும், விபிஎன் வேகத்துக்குத் தனி உரிமமும், மென்பொருளைப் பதிவிறக்குவதற்கு ஆண்டு ஆதரவு ஒப்பந்தமும் கேட்கிறார்கள். மூன்றாமவரின் ரூட்டருக்கு எந்த ஆண்டுக் கட்டணமும் இல்லை. ஆனால் பழுதானால் கடைக்குக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எந்த உறுதியும் அவர் தரவில்லை. "பெட்டியை விலை கொடுத்து வாங்கிவிட்ட பிறகு ஆண்டுதோறும் எதற்காகப் பணம் கட்ட வேண்டும்?" என்று எங்கள் முதலாளி கேட்கிறார். அவருக்கு நேர்மையான பதில் சொல்ல விரும்புகிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

கம்பிவடம் எழுதியது:

தம்பி, உங்கள் முதலாளி கேட்டது சரியான கேள்வி. நான் தண்டையார்பேட்டைப் பக்கம் சிறிய அளவில் பிராட்பேண்ட் நடத்துகிறேன். என் அனுபவத்தில், நம்மிடம் வாங்கும் ஆண்டுக் கட்டணத்துக்குள் மூன்று வேறு பொருள்களை ஒன்றாக மடித்து வைத்திருக்கிறார்கள். சிக்கல் வந்தால் பேசுவதற்கு ஒரு பொறியாளரும், பெட்டி எரிந்துபோனால் மாற்றுப் பெட்டியும் கிடைப்பது ஒன்று. பாதுகாப்புத் திருத்தங்களும் புதிய மென்பொருளும் கிடைப்பது இரண்டாவது. ஏற்கெனவே பெட்டிக்குள் இருக்கும் திறனைப் பயன்படுத்துவதற்கான அனுமதி மூன்றாவது. முதலாவதற்குப் பணம் கேட்பது முழு நியாயம், ஏனென்றால் ஒரு மனிதர் அங்கே உழைக்கிறார். மூன்றாவதற்குக் கேட்பது வெறும் அனுமதிச் சீட்டு. நீங்கள் விலைப்புள்ளியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியும் இம்மூன்றில் எதைச் சேர்ந்தது என்று குறித்துப் பாருங்கள். பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அனுமதிச் சீட்டு என்றால் என்ன என்பதற்கு, சில ஆண்டுகளுக்கு முன்பு வரை பரவலாக விற்ற சிஸ்கோ நிறுவனத்தின் ஐஎஸ்ஆர் 4331 ரூட்டர் நல்ல எடுத்துக்காட்டு. அது பெட்டியிலிருந்து எடுத்த நிலையில் 100 எம்பிபிஎஸ் மட்டுமே கடத்தும். செயல்திறன் உரிமம் வாங்கிப் பதிந்தால் அதே பெட்டி 300 எம்பிபிஎஸ் கடத்தும். ஒரு திருகைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை. ஆகவே விலைப்புள்ளியில் எழுதியிருக்கும் வேகம் எந்த உரிமத்தோடு கிடைக்கும் வேகம் என்று கேளுங்கள்; விபிஎன் போட்ட பிறகு எவ்வளவு கிடைக்கும் என்பதையும் தனியாகக் கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்விதான்: உரிமம் முடிந்த மறுநாள் இந்தப் பெட்டி என்ன செய்யும்? சிலவற்றில் வலைத்தள வடிகட்டல் போன்ற கூடுதல் சேவைகள் மட்டும் நின்று, போக்குவரத்து தொடரும். சிலவற்றில் அமைப்புகளை மாற்ற முடியாமல் போகும். கிளவுட் வழி நிர்வகிக்கும் சிஸ்கோ மெராக்கி கருவிகளில், எல்லாக் கருவிகளுக்கும் ஒரே முடிவுத் தேதி வைக்கும் உரிம முறையில், காலாவதிக்குப் பிறகு 30 நாள் அவகாசம் தருவார்கள். அதற்குள் புதுப்பிக்காவிட்டால் அந்த நிறுவனத்தின் கருவிகள் போக்குவரத்தையே நிறுத்திவிடும். இதை அவர்கள் மறைக்கவில்லை, ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். ஆனால் விற்பவர் அதை நமக்கு வாய் திறந்து சொல்வது அரிது.

எண்ணூர்_அலை எழுதியது:

கம்பிவடம் ஐயா சொன்ன பிரிப்பை ஏற்கிறேன். ஆனாலும் மறுபக்கத்தையும் பதிய விரும்புகிறேன். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் வலையமைப்பில் வேலை செய்கிறேன். இரவு இரண்டு மணிக்கு மைய ரூட்டர் தானாக மறுதொடக்கம் ஆகிக்கொண்டே இருந்தபோது, ஆதரவு ஒப்பந்தம் இருந்ததால் தயாரிப்பாளரின் பொறியாளர் தொலைபேசியில் வந்து, செயலிழப்புப் பதிவைப் படித்து, எந்தப் பதிப்பில் உள்ள எந்தப் பிழை அது என்று சொல்லி, மாற்றுப் பதிப்பையும் தந்தார். விடிவதற்குள் வேலை முடிந்தது. அப்படிப் பதிவைப் படிக்கத் தெரிந்தவர் நம் ஊழியர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு நிறுவனமும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மேலும், ஒப்பந்தம் இல்லையென்றால் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கவே கிடைக்காது என்ற எண்ணம் எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்தாது. சிஸ்கோ வெளியிடும் பாதுகாப்பு அறிவிப்புகளில், சேவை ஒப்பந்தம் இல்லாத வாடிக்கையாளரும் தொழில்நுட்ப உதவி மையத்தைத் தொடர்பு கொண்டு, கருவியின் வரிசை எண்ணையும் அறிவிப்பின் இணைய முகவரியையும் காட்டித் திருத்தப்பட்ட பதிப்பை இலவசமாகப் பெறலாம் என்ற பத்தி இருக்கும். அதைப் பலர் படிப்பதில்லை. டீலர்களும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. கேட்டு வாங்குவது சிரமம்தான்; அடுத்த பெரிய பதிப்புக்கான உரிமையை அது தராது; என்றாலும் அந்த வழி திறந்தே இருக்கிறது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நான் வலையமைப்பு ஆள் இல்லை. வண்ணாரப்பேட்டையில் சில நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். இவ்வகைக் கொள்முதலில் எல்லோரும் முதல் ஆண்டு விலையை ஒப்பிட்டு முடிவெடுத்துவிட்டு, நான்காம் ஆண்டில் புதுப்பிப்புப் பட்டியல் வரும்போது தலையில் கை வைப்பதைப் பார்க்கிறேன். ரூட்டரைக் குறைந்தது ஐந்தாண்டு பயன்படுத்துவோம் என்றால், ஐந்தாண்டுக்கும் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

துறைமுகத்தான் தம்பி விலைகளைச் சொல்லாததால், கணக்கு முறையைக் காட்டுவதற்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்கிறேன். இவை சந்தை விலை அல்ல. ஜிஎஸ்டி 18 விழுக்காட்டை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம் என்பதால் அதையும் விட்டுவிடுகிறேன். முதல் வகையில் பெட்டி 40,000 ரூபாய், மூன்றாண்டுச் சந்தா 60,000, அதற்குப் பிந்தைய இரண்டு ஆண்டுகளுக்கு 45,000 என்றால் ஒரு கிளைக்கு 1,45,000 ஆகிறது. இரண்டாம் வகையில் பெட்டி 90,000, விபிஎன் உரிமம் 35,000, ஆண்டுக்கு 16,000 வீதம் ஐந்தாண்டு ஆதரவு 80,000 என்றால் 2,05,000. மூன்றாம் வகையில் பெட்டி 22,000தான். ஆனால் அதோடு நிறுத்தினால் அது பொய்க் கணக்கு. நான்கு கிளைக்கும் பொதுவாக ஒரு மாற்றுப் பெட்டி வாங்கி வைத்தால் கிளைக்கு 5,500 சேரும். அதை அமைத்துப் பராமரிக்கத் தெரிந்த ஒருவரை ஆண்டுக்கு 60,000 ரூபாய் ஏஎம்சியில் (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) வைத்தால் கிளைக்கு ஆண்டுக்கு 15,000, ஐந்தாண்டுக்கு 75,000. மொத்தம் 1,02,500.

இப்போது பாருங்கள். பெட்டி விலையில் நான்கு மடங்காகத் தெரிந்த இடைவெளி, ஐந்தாண்டுக் கூட்டலில் இரண்டு மடங்காகச் சுருங்கிவிட்டது. மூன்றாம் வகையில் செலவாகும் பணத்தில் நான்கில் மூன்று பங்கு நம்மூரில் வேலை செய்யும் ஒரு மனிதருக்குப் போகிறது. முதல் வகையில் பெரும்பங்கு சந்தாவுக்குப் போகிறது. இதில் எது நல்லது என்பதை உங்கள் நிறுவனத்தின் நிலைமைதான் முடிவு செய்யும், ஆனால் முடிவெடுப்பதற்கு முன் இந்தக் கூட்டல் மேசையில் இருக்க வேண்டும். புதுப்பிப்பு விலை பெரும்பாலும் டாலர் விலைப்பட்டியலை ஒட்டி வருவதால், மூன்றாண்டு கழித்து ரூபாயில் எவ்வளவு என்று டீலரால் இன்று உறுதி தர முடியாது என்பதையும் முதலாளியிடம் சொல்லிவிடுங்கள்.

துறைமுகத்தான் எழுதியது:

மிக்க நன்றி, ஐயா. இந்தக் கணக்கை எங்கள் உண்மையான விலைகளோடு போட்டுப் பார்க்கிறேன். இன்னொரு ஐயம் உண்டு. மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் பெரிய நிறுவனங்கள் கழித்துவிட்ட பிராண்டட் ரூட்டர்கள் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. இரண்டாம் வகை ரூட்டரையே அப்படி வாங்கிவிட்டால் என்ன என்று எங்கள் மேலாளர் கேட்கிறார்.

கொருக்குப்பேட்டை எழுதியது:

பழைய கருவிகளை வாங்கிச் சரிசெய்து கொடுக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். படிப்பதற்கும் ஆய்வுக்கூடத்துக்கும் அவை அருமையானவை. இயங்கும் அலுவலகத்துக்கு வாங்கும் முன் இரண்டு விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும்.

பெட்டி கைமாறினாலும் அதற்குள் இருக்கும் மென்பொருளின் உரிமம் கைமாறுவதில்லை. சிஸ்கோவின் கொள்கைப்படி, அங்கீகரிக்கப்படாத வழியில் வாங்கிய பழைய கருவிக்கு ஆதரவு வேண்டுமென்றால் அதைப் பரிசோதனைக்கு உட்படுத்தி, மென்பொருளுக்கு மறுபடி உரிமம் வாங்க வேண்டும். அந்தச் செலவைச் சேர்த்தால் பல சமயங்களில் மலிவு என்ற பேச்சே அடிபட்டுப் போகும். பெட்டி ஓடும், ஆனால் நாளைக்குத் தணிக்கையில் கேட்டால் காட்டுவதற்குத் தாள் இருக்காது.

அடுத்தது வேக வரம்பு. இங்கே அதிகம் புழங்குவது சிஸ்கோவின் 1900, 2900 வரிசை ஐஎஸ்ஆர் ஜி2 ரூட்டர்கள். அவற்றில் பாதுகாப்பு உரிமம் இருந்தாலும், ஹெச்செக் என்ற கூடுதல் உரிமம் இல்லாவிட்டால் மறையாக்கம் செய்த போக்குவரத்து ஒரு திசைக்கு 85 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. விபிஎன் இணைப்புகளும் 225க்கு மேல் போகாது. அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்காக வைத்த வரம்பு அது. 1900 வரிசைக்கு அந்தக் கூடுதல் உரிமமே கிடையாது. உங்களுக்கு 200 வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள், தம்பி. ஆகவே இந்த வழி உங்களுக்குச் சரிப்படாது. என் வியாபாரத்துக்கு எதிராகத்தான் பேசுகிறேன், ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

கம்பிவடம் எழுதியது:

மூன்றாம் வகை என்று நீங்கள் எழுதியது மைக்ரோடிக்காக இருக்கும் என்று ஊகிக்கிறேன். நான் பயன்படுத்துவதும் அதுதான் என்பதால் அதன் உரிம முறையை விளக்கமாகவே எழுதுகிறேன். ஆண்டுக் கட்டணம் இல்லை என்பதற்காக உரிமமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

லாட்வியா நாட்டின் ரீகா நகரைச் சேர்ந்த நிறுவனம் அது. அவர்களுடைய ரூட்டர்ஓஎஸ் என்ற இயங்குதளம் பெட்டியோடு சேர்ந்தே வருகிறது. அந்த உரிமத்துக்கு முடிவுத் தேதி கிடையாது, புதிய பதிப்புகளுக்கும் பணம் இல்லை. ஆனால் உரிமத்தில் நிலைகள் உண்டு. ஹெக்ஸ் போன்ற சிறிய பெட்டிகள் நான்காம் நிலையோடு வரும். அதில் ஒரே நேரத்தில் 200 பிபிபிஓஇ (பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை) வாடிக்கையாளர்கள் வரைதான். ஐந்தாம் நிலையில் 500 பேர். ஆறாம் நிலையில் வரம்பில்லை. என்னைப் போல வீடுகளுக்கு இணைப்புத் தருபவருக்கு இது வாழ்வா சாவா என்ற கேள்வி. நான்கு கிளை அலுவலகத்துக்கு இது கண்ணிலேயே படாது. உங்கள் வேகத்துக்கு ஆர்பி5009 போன்ற பெட்டி போதும், அது ஐந்தாம் நிலையோடு வருகிறது.

பழைய கணினியில் ரூட்டர்ஓஎஸ்ஸை நிறுவிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே உரிமம் வன்தட்டோடு பிணைந்திருக்கும். வேறு கருவிகளைக் கொண்டு அந்த வட்டை ஃபார்மட் செய்தால் உரிமம் அழிந்துவிடும், திரும்ப வாங்க வேண்டியதுதான். வாங்குவதற்கு முன் பழகிப் பார்க்க விரும்பினால், அவர்களின் சிஎச்ஆர் என்ற மெய்நிகர் பதிப்பை 60 நாள் முழு வேகத்தில் இலவசமாக ஓட்டலாம். உங்கள் நான்கு கிளை அமைப்பையும் ஒரே மடிக்கணினிக்குள் கட்டிப் பார்த்துவிடலாம்.

இனி இதன் ஆபத்துக்கு வருகிறேன். இந்த ரூட்டர்களின் வின்பாக்ஸ் என்ற நிர்வாகச் சேவையில் ஒரு பெரிய ஓட்டை 2018இல் தெரியவந்தது. சிவிஇ-2018-14847 என்பது அதன் எண். கடவுச்சொல் இல்லாமலே பயனர் விவரக் கோப்பை வெளியிலிருந்து படித்துவிட முடிந்தது. நிறுவனம் ஏப்ரல் மாதத்திலேயே திருத்தத்தை இலவசமாக வெளியிட்டது. ஆனாலும் அடுத்த மாதங்களில் உலகம் முழுவதும் லட்சக்கணக்கான ரூட்டர்கள் தாக்குதலுக்கு உள்ளாகி, பயனர்களின் உலாவிகளில் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரலைச் செருகின. நம் நாட்டிலும் ஏராளமான பெட்டிகள் சிக்கின. திருத்தம் இலவசமாகக் கிடைத்தும் அதைப் போடுவதற்கு ஆள் இல்லாததுதான் காரணம். கணக்குப்பிள்ளை ஐயா எழுதிய அந்த 75,000 ரூபாயை மிச்சம் பிடிக்கலாம் என்று உங்கள் முதலாளிக்குத் தோன்றினால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். வெளியிலிருந்து நிர்வாக நுழைவை அடியோடு மூடிவிட்டு, விபிஎன் வழியாக மட்டும் உள்ளே வரும்படி அமைப்பதை முதல் நாளிலேயே செய்துவிடுங்கள்.

திறமூலம் எழுதியது:

இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது என்று சொல்ல விரும்புகிறேன். ஓபிஎன்சென்ஸ் என்ற திறமூல ரூட்டர் மென்பொருளை நல்ல நெட்வொர்க் கார்டுகள் உள்ள ஒரு சிறு கணினியில் போட்டால், உரிமக் கட்டணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நெதர்லாந்தின் டெசிசோ நிறுவனம் பிஎஃப்சென்ஸ் என்ற இன்னொரு திறமூல மென்பொருளிலிருந்து அதைப் பிரித்தெடுத்து 2015 ஜனவரியில் முதல் பதிப்பை வெளியிட்டது. ஆண்டுக்கு இரண்டு பெரிய பதிப்புகள், ஜனவரியிலும் ஜூலையிலும் வருகின்றன. உதவி வேண்டுபவர்கள் வணிகப் பதிப்பை விலைக்கு வாங்கலாம், வாங்காதவர்களுக்கும் பாதுகாப்புத் திருத்தம் வரும். கம்பிவடம் ஐயாவின் மூன்று பிரிவில், மனித உதவிக்கு மட்டும் பணம் கேட்கும் முறை இதுவே என்று நினைக்கிறேன்.

இலவசம் என்ற சொல்லை மட்டும் நம்பக் கூடாது, உரிம ஆவணத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான் நம்ப வேண்டும். பிஎஃப்சென்ஸை உருவாக்கும் நெட்கேட் நிறுவனம் பிஎஃப்சென்ஸ் பிளஸ் பதிப்பை வீட்டுப் பயன்பாட்டுக்கும் ஆய்வுக்கூடப் பயன்பாட்டுக்கும் இலவசமாகத் தந்து வந்தது. 2023 அக்டோபரில் அதை நிறுத்திவிட்டது. திறமூலச் சமூகப் பதிப்பு தொடர்கிறது; அதை நம்பியிருந்தவர்களுக்குப் பாதிப்பில்லை. நிறுவனங்கள் கைமாறும்போதும் இதே நிலைதான். மெய்நிகராக்க மென்பொருள் நிறுவனமான விஎம்வேரை பிராட்காம் 2023 நவம்பரில் வாங்கிய பிறகு நிரந்தர உரிமங்களின் விற்பனையே நின்று எல்லாம் சந்தாவாக மாறியதை இங்கே பலர் அனுபவித்திருப்பீர்கள். வலையமைப்புக் கருவி நிறுவனமான ஜூனிப்பரை எச்பிஇ 2025 ஜூலையில் வாங்கியிருக்கிறது. அங்கும் அப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் ஐந்தாண்டுத் திட்டம் போடுபவர் விற்பவரின் இன்றைய நல்லெண்ணத்தின் மேல் திட்டத்தைக் கட்டக் கூடாது.

கம்பிவடம் எழுதியது:

திறமூலம் தம்பி சொல்வது கொள்கையளவில் சரி. நம் பகுதியில் சிறு கணினி வைப்பதில் எனக்குள்ள ஒரே தயக்கம் உப்புக்காற்று. காசிமேட்டில் கடலை ஒட்டிய ஒரு அலுவலகத்தில், விசிறி வைத்த கணினியைத் திறந்து பார்த்தபோது, விசிறி இழுத்த காற்று பட்ட இடமெல்லாம் பச்சை பூத்திருந்தது. நெட்வொர்க் சாக்கெட்டின் கம்பிமுனைகளும் அப்படியே கறுத்துப் போயிருந்தன. பக்கத்திலேயே விசிறி இல்லாத மூடிய உலோகப் பெட்டி ஒன்று நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே எந்த மென்பொருளானாலும் விசிறி இல்லாத கருவியாக வாங்குங்கள். வெளியிலிருந்து வரும் ஃபைபரை மீடியா கன்வெர்ட்டர் வழியாகச் செம்புக் கம்பியாக மாற்றாமல், இயன்றால் நேராக ரூட்டரில் ஃபைபருக்கென்று உள்ள எஸ்எஃப்பி துளையிலேயே செருகுங்கள். இடி மின்னல் காலத்தில் அது பெட்டியைக் காக்கும், மின்சாரம் வாங்கும் பொருள் ஒன்று குறையவும் செய்யும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தரைத்தளத்தில் ரேக் வைத்திருந்தவர்கள் பட்ட பாடு நினைவிருக்கும். மணலிக் கிளையில் ரேக்கை இடுப்பு உயரத்துக்கு மேல் ஏற்றிவிடுங்கள்.

எண்ணூர்_அலை எழுதியது:

சட்டப்படியான ஒரு தேவையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அது கருவித் தேர்வைப் பாதிக்கும். 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் பாதுகாக்க வேண்டும், குறிப்பிட்ட வகைப் பாதுகாப்புச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கருவிகளின் கடிகாரத்தை தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சர்வர்களோடு ஒத்திசைக்க வேண்டும் என்கிறது. பதிவுகளை வெளியே இன்னொரு சர்வருக்கு அனுப்பும் சிஸ்லாக் வசதி எல்லா நல்ல ரூட்டர்களிலும் உண்டு. ஆனால் கிளவுட் வழி நிர்வகிக்கும் சிலவற்றில் எத்தனை நாள் பதிவு கையில் இருக்கும் என்பது சந்தாவின் தரத்தைப் பொறுத்தது. சந்தா முடிந்தால் அந்தப் பழைய பதிவுகள் யாருக்குச் சொந்தம் என்று எழுத்தில் கேளுங்கள்.

ஆதரவு முடிவுத் தேதியையும் கேட்க மறவாதீர்கள். சிறு அலுவலகங்களுக்காக விற்ற ஆர்வி110, ஆர்வி130, ஆர்வி215 வரிசை ரூட்டர்களில் 2021 ஆகஸ்டில் ஒரு கடுமையான ஓட்டை வெளிவந்தபோது, அவற்றின் ஆயுள் முடிந்துவிட்டதால் திருத்தம் வராது என்று சிஸ்கோ அறிவித்தது. ஆண்டு ஒப்பந்தம் வைத்திருந்தாலும் அந்தத் தேதிக்குப் பிறகு பயனில்லை. நான் ஆதரவு ஒப்பந்தத்தை ஆதரிப்பவன். ஆனால் ஒப்பந்தத்தின் காலமும் கருவியின் ஆயுளும் பொருந்தாவிட்டால் அது வீண் செலவு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

துறைமுகத்தான் எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நடந்ததைப் பதிகிறேன். மூன்று டீலர்களுக்கும் ஒரே மடலை அனுப்பினேன். உரிமம் முடிந்த மறுநாள் போக்குவரத்து தொடருமா, அமைப்புகளை மாற்ற முடியுமா, ஒப்பந்தம் இல்லாமல் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்குமா, இந்த மாடலுக்கு எந்தத் தேதி வரை திருத்தம் வரும், விபிஎன்னோடு எவ்வளவு வேகம், அதற்கு எந்த உரிமம் என்று கேட்டு, பதிலை நிறுவனத்தின் முத்திரைத் தாளில் தரும்படி எழுதினேன்.

முதலாமவர் தொலைபேசியில் நீண்ட நேரம் பேசினார், ஆனால் முதல் கேள்விக்கு மட்டும் எழுத்தில் பதில் தரவில்லை. இரண்டாமவர் எல்லாவற்றுக்கும் நேர்மையாக எழுதித் தந்தார். உரிமம் நிரந்தரம், ஆதரவு முடிந்தாலும் பெட்டி முழு வேகத்தில் ஓடும் என்பதும் அதில் உண்டு. விலைதான் எங்களுக்கு எட்டவில்லை. ஆகவே தலைமை அலுவலகத்துக்கு மட்டும் அவரிடம் ஒரு பெட்டி, ஆதரவு ஒப்பந்தத்தோடு. மூன்று கிளைகளுக்கும் ஆண்டுக் கட்டணம் இல்லாத ரூட்டர்கள், கூடவே அதே மாடலில் ஒரு மாற்றுப் பெட்டி. பராமரிப்புக்கு உள்ளூர்ப் பொறியாளர் ஒருவரோடு ஏஎம்சி என்று முடிவு செய்து முதலாளியிடம் வைத்திருக்கிறேன். கிளை ஒன்று அரை நாள் நின்றால் தாங்கிக்கொள்ளலாம், தலைமை அலுவலகம் நின்றால் நான்கும் நிற்கும் என்பதே இப்படிப் பிரித்ததற்குக் காரணம். இரண்டு வகை ரூட்டர்களுக்கிடையே ஐபிசெக் முறையில் அமைக்கும் விபிஎன் சிக்கலில்லாமல் நிற்குமா என்பது ஒன்றுதான் இப்போது எனக்குள்ள கவலை.

கம்பிவடம் எழுதியது:

நிற்கும். இரண்டு பக்கமும் ஐகேஇ (விபிஎன்னுக்கான சாவிப் பரிமாற்ற முறை) பதிப்பு இரண்டு, ஒரே மறையாக்க முறை, ஒரே புதுப்பிப்பு நேரம் என்று கையால் எழுதிப் பொருத்துங்கள். எதையும் தானியங்கித் தேர்வில் விடாதீர்கள். பிராட்பேண்ட் நிறுவனம் பொது முகவரி தராமல் பகிர்ந்த முகவரி தந்திருந்தால், கிளைதான் தலைமை அலுவலகத்தை அழைக்க வேண்டும், தலைகீழாக நடக்காது. ஆகவே பாரிமுனை இணைப்புக்கு நிலையான ஐபி வாங்கிவிடுங்கள். இணைப்பு மாற்றத்தைச் சோதிக்கும்போது ரூட்டரிலிருந்து கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். ஃபைபர் சாலையில் அறுந்தால் ஓஎன்டிக்கும் (ஃபைபர் வந்து சேரும் பெட்டி) ரூட்டருக்கும் இடையிலான இணைப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும், இணையம் மட்டும் இருக்காது. வெளியே உள்ள ஒரு முகவரி பதில் தருகிறதா என்று ரூட்டர் தொடர்ந்து சோதித்து முடிவெடுக்கும்படி அமைத்து, ஓஎன்டியின் ஃபைபரைக் கழற்றிச் சோதியுங்கள்.

மைக்ரோடிக்கின் பேக்கப் கோப்பு அதே பெட்டியில் திரும்ப ஏற்றுவதற்கானது. மாற்றுப் பெட்டிக்கு எக்ஸ்போர்ட் கட்டளை தரும் உரைக்கோப்புதான் பயன்படும். புதிய பதிப்புகளில் அது கடவுச்சொற்களை விட்டுவிட்டுத்தான் எழுதும் என்பதால் அவற்றைத் தனியே பத்திரப்படுத்துங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

தம்பி, இரண்டாமவர் எழுதித் தந்த அந்தப் பதிலை மடலாக மட்டும் வைத்திருக்காமல், கொள்முதல் ஆணையில் அதன் தேதியையும் எண்ணையும் குறிப்பிட்டு, ஆணையின் நிபந்தனைகளில் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். உரிமச் சான்றிதழ் உங்கள் நிறுவனத்தின் பெயரிலும், நிறுவனத்தின் பொது மின்னஞ்சல் முகவரியிலும் பதிவாக வேண்டும். டீலரின் கணக்கிலோ உங்கள் சொந்தக் கணக்கிலோ பதிவாகக் கூடாது. ஏஎம்சி ஒப்பந்தத்தில், திருத்தம் வெளிவந்த எத்தனை நாளுக்குள் பொறியாளர் அதைப் போட வேண்டும் என்ற வரியையும் எழுதிவிடுங்கள். கையெழுத்திடும் முன் ஒரு பிரதியைப் பெயர்களை நீக்கிவிட்டு இங்கே போட்டால் பார்த்துச் சொல்கிறேன்.